கலிபோர்னியாவில் வீட்டைப் புதுப்பிக்க உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை அமர்த்துவது எப்படி?

ஃப்ரீமாண்ட் நகரில் 1968இல் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் சமையலறையையும் ஒரு குளியலறையையும் புதுப்பிக்க, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒருவரை அமர்த்தினோம். பத்து வாரத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை ஏழு மாதம் இழுத்தது. அதைவிடப் பெரிய அடி வேலை முடிந்த பிறகு விழுந்தது. கேபினட்டுகளுக்கான பணம் முழுவதையும் நாங்கள் ஒப்பந்ததாரரிடம் கொடுத்திருந்தோம். அவர் அதைக் கேபினட் விற்ற கடைக்குக் கொடுக்கவில்லை. கடைக்காரர் எங்கள் வீட்டின் மீது 9,860 டாலருக்கு லீன் (வராத பாக்கிக்காக வீட்டின் மீதே போடும் சட்ட உரிமை) பதிவு செய்துவிட்டார். கலிபோர்னியச் சட்டப்படி அது செல்லும். ஒரே கேபினட்டுக்கு இரண்டு முறை பணம் கட்டினோம்.

அந்த ஒப்பந்ததாரரின் உரிமம் செல்லுபடியானது. அதை நாங்கள் சரிபார்த்தும் இருந்தோம். உரிமத்தைப் பார்ப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது என்று நினைத்ததுதான் எங்கள் தவறு. நம் ஊரில் மேஸ்திரி சிமெண்டு வாங்க வேண்டும் என்று கேட்டால் முன்கூட்டியே பணத்தை எடுத்துக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் வீட்டுக்கே வில்லங்கம் வரும். முதல் வீடு வாங்கி முதல் முறையாகச் சுவரை உடைக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதிலுள்ள சட்ட விவரங்கள் கலிபோர்னியாவுக்கு மட்டுமே பொருந்தும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் மாநில விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

1. வேலையை முதலில் தாளில் எழுதுங்கள்

யாரையும் அழைப்பதற்கு முன்னால், என்ன வேலை, எந்தப் பொருள், எது இருக்கும், எது போகும் என்பதை இரண்டு பக்கமாவது எழுதிக்கொள்ளுங்கள். ‘சமையலறையைப் புதுப்பிக்க வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் மூன்று பேர் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்வார்கள். அந்த விலைகளை ஒப்பிடவே முடியாது. அடுப்புக்கு மேலே வரும் புகைபோக்கி வெளிச்சுவர் வழியாக அல்லது கூரை வழியாக வெளியே காற்றைத் தள்ள வேண்டுமா, வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகை போதுமா என்பது நம்மைப் போல் தினமும் தாளிக்கும் வீடுகளுக்குச் சிறிய விஷயமில்லை. குழாய் போடும் செலவு விலையில் சேராமல் போனால் பிறகு கூடுதலாகக் கேட்பார்கள். கிரைண்டரும் மிக்ஸியும் எங்கே நிற்கும், அவற்றுக்கான பிளக் எங்கே வர வேண்டும் என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள், ஏனென்றால் சுவர் மூடிய பிறகு ஒரு பிளக்கை நகர்த்துவதற்கு டிரைவால் (சுவரை மூடும் ஜிப்சம் பலகை), பெயிண்ட் இரண்டையும் சேர்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

பழைய வீட்டுக்காரர்கள் இன்னும் மூன்று வரிகளை இந்தத் தாளில் சேர்க்க வேண்டும். 1978க்கு முன் கட்டிய வீடானால் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அறைக்குள் ஆறு சதுர அடிக்கு மேல் பழைய பெயிண்டைக் கலைக்கும் வேலையை, ஈயத்தைப் பாதுகாப்பாகக் கையாளக் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அமைப்பின் சான்று பெற்ற நிறுவனம்தான் செய்ய வேண்டும். மேற்கூரையில் சோளப்பொரி ஒட்டியதுபோல் கரடுமுரடான பூச்சோ, பழைய வினைல் தரையோ இருந்தால் உடைப்பதற்கு முன்பே ஆஸ்பெஸ்டாஸ் சோதனை செய்யுங்கள். 1994 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ கட்டிய தனி வீட்டில் பெர்மிட் (நகராட்சியின் கட்டட அனுமதி) எடுத்து மாற்றம் செய்தால், வீடு முழுவதிலும் உள்ள பழைய, தண்ணீர் அதிகம் செலவழிக்கும் கழிப்பறைத் தொட்டி, ஷவர், குழாய்களை மாற்றினால்தான் இறுதி ஒப்புதல் கிடைக்கும். ஒரு முறைக்கு 1.6 கேலனுக்கு மேல் தண்ணீர் விடும் கழிப்பறை இதில் அடங்கும். நாங்கள் தொடவே நினைக்காத மாடிக் குளியலறையின் கழிப்பறையைக் கடைசி வாரத்தில் அவசரமாக மாற்ற வேண்டியிருந்தது.

2. எந்த வகை உரிமம் தேவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கலிபோர்னியாவில் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் தருவது மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியம். சி.எஸ்.எல்.பி. என்பார்கள். சமையலறை, குளியலறை போல மரவேலை நீங்கலாக ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு தொழில்களாவது சேரும் வேலைக்கு ‘பி’ வகைப் பொது உரிமம் வேண்டும். ‘பி-2’ என்ற வகை ஏற்கெனவே உள்ள வீட்டைப் புதுப்பிப்பதற்கானது. அந்த உரிமம் மட்டும் வைத்திருப்பவர் பாரம் தாங்கும் சுவரைத் தொடக் கூடாது. மின்வேலை மட்டும் என்றால் ‘சி-10’, பிளம்பிங் மட்டும் என்றால் ‘சி-36’. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிட வேண்டும் என்று பலர் விரும்புகிறார்கள். அப்படியானால் ‘பி’ உரிமம் உள்ளவரைத்தான் தேட வேண்டும்.

2025 ஜனவரி முதல், கூலியும் பொருளும் சேர்ந்து 1,000 டாலருக்குக் குறைவான, பெர்மிட் தேவைப்படாத, ஆள் வைக்காமல் தனியாகவே செய்யும் வேலைக்கு மட்டும் உரிமம் தேவையில்லை. பெரிய வேலையைச் சிறு சிறு பில்லாக உடைத்து இந்த வரம்புக்குள் காட்டுவது சட்டவிரோதம்.

3. உரிமத்தை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்

வாரியத்தின் இணையதளத்தில் உரிம எண்ணைக் கொடுத்தால் ஒரு பக்கம் வரும். பலர் அதில் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்ற ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கீழே இருப்பதுதான் முக்கியம்.

முதலில் பெயர். பக்கத்தில் உள்ள நிறுவனப் பெயரும், அவர் தரும் மதிப்பீட்டுத் தாளில் உள்ள பெயரும், நீங்கள் காசோலை எழுதப்போகும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வேறொருவரின் எண்ணை இரவல் வாங்கி வேலை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்ததாரர்களுக்கு வாரியம் பாக்கெட்டில் வைக்கும் அட்டை தருகிறது. அதையும் ஓட்டுநர் உரிமத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. நீங்கள் பேசும் ஆள் உரிமம் பெற்றவர் இல்லை, அவரிடம் வேலை செய்யும் விற்பனையாளர் என்றால், அவர் பெயரும் விற்பனையாளராக வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

அடுத்தது பிணைப்பத்திரம். ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் 25,000 டாலர் பிணை வைத்திருக்க வேண்டும். 2023 முதல் இந்தத் தொகை நடப்பில் உள்ளது. இதை உங்கள் வேலைக்கான காப்பீடு என்று எண்ணிவிடாதீர்கள். அவரால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து அந்த ஒரே தொகைதான். உங்களுக்கு முன்பே நான்கு பேர் கேட்டிருந்தால் உங்கள் பங்கு என்னவாகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

புகார் விவரமும் அதே பக்கத்தில் வரும். ஆனால் வாரியம் விசாரித்துச் சட்ட நடவடிக்கைக்கு அனுப்பிய புகார்களே அங்கே காட்டப்படுகின்றன. பக்கம் சுத்தமாக இருப்பதால் புகாரே வரவில்லை என்று பொருளாகாது. அதனால் உங்கள் மாவட்ட நீதிமன்றத்தின் (சுப்பீரியர் கோர்ட்) வழக்குத் தேடலிலும் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். நாங்கள் பணத்தை இழந்த பிறகுதான் அதைச் செய்தோம். பொருள் விற்ற வேறு இரண்டு கடைகள் எங்கள் ஒப்பந்ததாரர் மீது எங்களுக்கு முன்பே பணம் கேட்டு வழக்குப் போட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. பத்து நிமிட வேலை அது.

4. காப்பீட்டுச் சான்றை முகவரிடமிருந்தே வாங்குங்கள்

இரண்டு காப்பீடுகளைப் பார்க்க வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு உண்டா என்பது உரிமப் பக்கத்திலேயே தெரியும். அங்கே ‘ஊழியர்கள் இல்லை, அதனால் விலக்கு’ என்று எழுதியிருக்க, வீட்டுக்கு நான்கு பேர் வேலைக்கு வந்து நின்றால் ஏதோ சரியில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த நால்வரில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால் மருத்துவச் செலவு வீட்டு உரிமையாளரின் தலையில் விழக்கூடும்.

பொறுப்புக் காப்பீடு வேறு. உங்கள் வீட்டுக்கோ அண்டை வீட்டுக்கோ ஏற்படும் சேதத்துக்கானது இது. எல்.எல்.சி. எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனங்களைத் தவிர மற்றவர்களுக்கு இதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் காப்பீடு இருக்கிறதா இல்லையா என்பதை ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும். சான்றிதழை ஒப்பந்ததாரர் கையால் வாங்காதீர்கள். அவருடைய காப்பீட்டு முகவர் உங்கள் மின்னஞ்சலுக்கு நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். காலாவதியான சான்றைக் காட்டிவிடுவது எளிது.

5. மூன்று விலைகளை ஒரே தாளுக்கு வாங்குங்கள்

முதல் படியில் எழுதிய தாளை மூன்று பேரிடமும் கொடுத்து, வரிவாரியாக விலை கேளுங்கள். எங்களுக்கு வந்தவை 68,000, 84,500, 91,000 டாலர்கள். முதலாமவர் மின்பலகையை மாற்றும் செலவையும் புகைபோக்கிக் குழாயையும் விட்டிருந்தார். சேர்த்தால் நடுவில் உள்ளவருக்கு அருகே வந்துவிட்டது. குறைந்த விலையைக் கண்டதும் மகிழ்வதை விட, அதில் எது இல்லை என்று தேடுவது நல்லது.

‘அலவன்ஸ்’ என்ற சொல் வரும் இடங்களைக் கவனியுங்கள். டைலுக்குச் சதுர அடிக்கு 4 டாலர் என்று ஒதுக்கியிருப்பார்கள். கடைக்குப் போனால் உங்களுக்குப் பிடிக்கும் டைல் 9 டாலராக இருக்கும். வித்தியாசம் உங்களுடையது. கையெழுத்துக்கு முன்பே கடைக்குப் போய்ப் பொருளின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு வந்தால் இந்தச் சங்கடம் வராது.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நல்லவர் என்று சொன்னதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். எங்களுக்குப் பரிந்துரைத்த குடும்பம் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு வேலை நன்றாகவே முடிந்திருந்தது. கடந்த ஒரு வருடத்தில் வேலை முடித்த மூன்று வீடுகளின் விவரத்தைக் கேட்டு, அவர்களிடம் ‘வேலை எப்படி’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘கடைகளிலிருந்து உங்களுக்குக் கடிதம் வந்ததா, லீன் ஏதாவது விழுந்ததா, சொன்ன தேதிக்கும் முடிந்த தேதிக்கும் எத்தனை வாரம் வித்தியாசம்’ என்று கேளுங்கள்.

6. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்

வீட்டைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிம எண், வேலையின் விவரமான வர்ணனை, மொத்த விலை, உத்தேசத் தொடக்கத் தேதி, உத்தேச முடிவுத் தேதி, டாலரும் சென்டுமாக எழுதிய தவணைத் தொகைகள், ஒவ்வொரு தவணையும் எந்த வேலைக்கு என்ற குறிப்பு, லீன் பற்றிய எச்சரிக்கை, காப்பீட்டு விவரம், ரத்து செய்யும் உரிமை பற்றிய அறிவிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். முழுமையாக நிரப்பி இருவரும் கையெழுத்திட்ட நகல் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கலாம். வெற்றிடம் விட்ட தாளில் ‘பிறகு நிரப்பிக்கொள்ளலாம்’ என்று சொன்னால் கையெழுத்திடாதீர்கள்.

ரத்து செய்யும் உரிமை மூன்று வேலைநாட்கள்; கையெழுத்திடுபவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் என்றால் ஐந்து வேலைநாட்கள். பெற்றோர் பெயரில் வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆனால் ஒப்பந்ததாரரின் அலுவலகத்துக்கே போய்ப் பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு இந்த உரிமை பொருந்தாது. ஷோரூமுக்கு வாருங்கள், இன்றே முடித்தால் தள்ளுபடி என்று அழைத்தால், பேசிவிட்டு வாருங்கள். கையெழுத்திடாமல் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு வாரம் படியுங்கள்.

நீங்கள் கேட்டுச் சேர்க்க வேண்டிய ஒரு வரி உண்டு: ஒவ்வொரு தவணைக்கும் முன்னால், அதுவரை வேலை செய்த துணை ஒப்பந்ததாரர்களும் பொருள் விற்றவர்களும் கையெழுத்திட்ட விடுவிப்புப் பத்திரங்களை (லீன் போடும் உரிமையை விட்டுவிடுகிறோம் என்று எழுதித் தருபவை) ஒப்பந்ததாரர் கொண்டுவந்து தர வேண்டும், தராவிட்டால் தவணையை நிறுத்திவைக்கும் உரிமை வீட்டு உரிமையாளருக்கு உண்டு. எங்கள் ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திருக்காது.

7. பணம் வேலைக்குப் பின்னால் போக வேண்டும்

முன்பணமாக ஒப்பந்த விலையில் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதை மட்டுமே வாங்கலாம். அதாவது 10,000 டாலருக்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் முன்பணம் 1,000 டாலர்தான். வாரியத்தின் ஒப்புதலோடு தனிப் பிணை வைத்திருக்கும் சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் உரிமப் பக்கத்தில் தெரியும். அதற்குப் பிறகு வாங்கும் எந்தத் தவணையும் அதுவரை முடித்த வேலையின் மதிப்பையோ வீட்டில் வந்து இறங்கிய பொருளின் மதிப்பையோ தாண்டக் கூடாது.

84,500 டாலர் ஒப்பந்தத்துக்கு நாங்கள் எப்படிப் பிரித்திருக்க வேண்டும் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கையெழுத்தின்போது 1,000, பழையவற்றை உடைத்துக் குப்பையை அகற்றிய பிறகு 9,000, சுவருக்குள் போகும் குழாயும் வயரிங்கும் முடிந்து நகராட்சி ஆய்வாளர் கையெழுத்திட்ட பிறகு 20,000, டிரைவால் முடிந்ததும் 12,500, கேபினட்டுகள் பொருத்தியதும் 19,000, கவுண்டர்டாப்பும் டைலும் முடிந்ததும் 13,000, இறுதி ஆய்வு முடிந்து எல்லா விடுவிப்புப் பத்திரங்களும் கைக்கு வந்த பிறகு கடைசி 10,000. ‘தொடங்கியதும்’ என்று எழுதிய தவணையை ஏற்காதீர்கள். ஒவ்வொரு தவணையும் ‘முடிந்ததும்’ என்றே இருக்கட்டும்.

கேபினட்டை ஆர்டர் செய்யவே முழுப் பணமும் வேண்டும் என்று ஒப்பந்ததாரர் கேட்பார். எங்களிடமும் அப்படித்தான் கேட்டார், நாங்களும் கொடுத்தோம். அந்தச் சமயத்தில் செய்ய வேண்டியது எளிது: கடைக்கு நீங்களே போய், உங்கள் பெயரில், உங்கள் கிரெடிட் கார்டில் ஆர்டர் செய்யுங்கள்; அந்தத் தொகையை ஒப்பந்த விலையிலிருந்து எழுத்து மூலமாகக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒப்பந்ததாரர் பெயரையும் கடையின் பெயரையும் ‘மற்றும்’ என்று சேர்த்து, இருவரும் கையெழுத்திட்டால்தான் பணமாகும்படி காசோலை எழுதுங்கள். ரொக்கம் ஒரு டாலர்கூட வேண்டாம்.

8. பெர்மிட்டை ஒப்பந்ததாரர் பெயரில் எடுக்கச் செய்யுங்கள்

‘நீங்களே ஓனர்-பில்டர் (வேலையைத் தானே நடத்தும் வீட்டு உரிமையாளர்) என்று பெர்மிட் எடுத்துவிட்டால் சீக்கிரம் கிடைக்கும், செலவும் மிச்சம்’ என்று சொல்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால் வேலைக்கும் வேலையாட்களுக்கும் பொறுப்பாளர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். உரிமம் உள்ளவர் தன் எண்ணில் பெர்மிட் எடுக்கத் தயங்கினால், அந்த உரிமத்தில் ஏதோ சிக்கல் இருக்கிறது. பெர்மிட்டே வேண்டாம் என்பவரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பின்னால் வீட்டை விற்கும்போது அது திரும்பி வரும்.

வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பில் இருந்தால் சங்கத்தின் ஒப்புதலை முதலில் வாங்குங்கள். பெர்மிட் கிடைக்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. மின்பலகையை 100 ஆம்பியரிலிருந்து 200 ஆம்பியராக்குவதற்கு மின் நிறுவனத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டதால், அது தனியாக மூன்று மாதம் எடுத்தது. கேபினட் வருவதற்கு முன்பே இந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பெர்மிட்டில் காட்டும் வேலையின் மதிப்பு 1,000 டாலரைத் தாண்டினால் வீடு முழுவதும் புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு கருவியும் விதிப்படி இருக்க வேண்டும். சிறிய செலவுதான், ஆனால் இறுதி ஆய்வை நிறுத்திவைக்கும்.

ஆய்வு நாட்களில் வீட்டில் இருங்கள். டிரைவால் மூடும் முன் நடக்கும் ஆய்வின்போது, எங்கள் ஆய்வாளர் டார்ச்சை அடித்துச் சட்டமரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மரத்தின் விளிம்புக்கு மிக அருகே குழாய் போகும் மூன்று இடங்களில் இரும்புத் தகடு இல்லை என்று விரல் வைத்துக் காட்டினார். தகடு இல்லாவிட்டால் டிரைவாலுக்கு அடிக்கும் திருகு குழாயைத் துளைத்துவிடும். அன்று நான் அருகில் நிற்காமல் இருந்திருந்தால் எங்கே என்ன குறை என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆய்வு அட்டையில் கையெழுத்து விழும் முன் சுவரை மூட விடாதீர்கள். மூடும் முன் எல்லாச் சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படங்கள் உதவும்.

9. தபாலில் வரும் முன்னறிவிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள்

வேலை தொடங்கிய மூன்றாவது வாரத்தில், பச்சை நிற ஒட்டுத்தாளுடன் பதிவுத் தபால் ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தேன். நாங்கள் கேள்விப்படாத ஒரு கடையின் பெயர். ‘இது லீன் அல்ல’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. லீன் அல்ல என்று அவர்களே சொல்லிவிட்டார்களே என்று, செருப்பு அலமாரியின் மேல் கிடந்த விளம்பரத் தாள்களோடு வைத்துவிட்டேன். அதுதான் கேபினட் கடையின் முன்னறிவிப்பு.

உங்களோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத துணை ஒப்பந்ததாரரும் பொருள் விற்பவரும், பின்னால் லீன் போடும் உரிமையைக் காத்துக்கொள்ள, வேலையோ பொருளோ தரத் தொடங்கிய 20 நாட்களுக்குள் இந்த அறிவிப்பை அனுப்ப வேண்டும். ஆகவே இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; ஒப்பந்ததாரர் ஏமாற்றுகிறார் என்றும் பொருளில்லை. உங்கள் வேலையில் யாருக்கெல்லாம் பணம் போக வேண்டும் என்ற பட்டியலை அவர்களே உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறார்கள். ஒரு கோப்பில் வரிசையாக அடுக்குங்கள். ஒவ்வொன்றின் மேலும் வந்த தேதியைக் குறியுங்கள்.

பிறகு ஒவ்வொரு தவணையின்போதும் அந்தக் கோப்பைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் விடுவிப்புப் பத்திரம் கேளுங்கள். மாநிலச் சட்டம் நான்கு படிவங்களை வகுத்துள்ளது: இடைத் தவணைக்கு இரண்டு, கடைசித் தவணைக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் நிபந்தனை உள்ளது ஒன்று, நிபந்தனையற்றது ஒன்று. நிபந்தனை உள்ளது, ‘இந்தப் பணம் என் கைக்கு வந்தால் என் உரிமையை விட்டுவிடுகிறேன்’ என்பது. பணம் கொடுப்பதற்கு முன் இதை வாங்க வேண்டும். நிபந்தனையற்றது, ‘பணம் வந்துவிட்டது, விட்டுவிட்டேன்’ என்பது. காசோலை பணமான பிறகு இதை வாங்கி முன்னதோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். ஒப்பந்ததாரர் மட்டும் கையெழுத்திட்ட பத்திரம் கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது. கடைக்காரரின் கையெழுத்தே வேண்டும். சந்தேகமாக இருந்தால் முன்னறிவிப்பில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்து, எங்கள் முகவரிக்கான பாக்கி எவ்வளவு என்று கேட்கலாம். நான் லீன் விழுந்த பிறகு அழைத்தபோது, மறுமுனையில் இருந்த பெண்மணி பொறுமையாகக் கணக்கைப் படித்துக் காட்டினார். அதே கேள்வியை மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தாலும் அவர் பதில் சொல்லியிருப்பார்.

10. மாற்றங்களை வாய்வார்த்தையில் விடாதீர்கள்

வேலை நடுவே மாற்றம் வராத வீடு இல்லை. என்ன மாற்றம், எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது, முடிவுத் தேதி எத்தனை நாள் தள்ளுகிறது என்ற மூன்றையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே அந்த மாற்றத்தைத் தொடங்கச் செய்யுங்கள். எங்களுக்கு மொத்தம் பதினொரு மாற்றங்கள். விலை 84,500இலிருந்து 97,000 தாண்டியது. அவற்றில் நான்கு எழுத்தில் இல்லை, அந்த நான்கில்தான் வாக்குவாதம் வந்தது. மாற்றங்களுக்கென்று ஒப்பந்த விலையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

11. வேலை முடிந்ததும் நிறைவு அறிவிப்பைப் பதிவு செய்யுங்கள்

இறுதி ஆய்வுக்கு முன், அறை அறையாக நடந்து குறைகளைப் பட்டியலிட்டுக் கொடுங்கள். அவை தீர்ந்து, ஆய்வாளரின் இறுதிக் கையெழுத்தும் வந்த பிறகே கடைசித் தவணை.

வேலை முடிந்த 15 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறைவு அறிவிப்பைப் பதிவு செய்யுங்கள். எங்கள் ஆலமிடா மாவட்டத்துக்கு அந்த அலுவலகம் ஓக்லாந்தில் இருக்கிறது. ஒரு பக்கப் படிவமும் சிறு கட்டணமும்தான். இதைப் பதிவு செய்யாவிட்டால் வேலை முடிந்த நாளிலிருந்து 90 நாட்கள் வரை யாரும் லீன் போடலாம். பதிவு செய்தால் துணை ஒப்பந்ததாரருக்கும் பொருள் விற்றவருக்கும் 30 நாட்கள், உங்கள் ஒப்பந்ததாரருக்கு 60 நாட்கள் என்று அவகாசம் சுருங்கிவிடும். எங்கள் வீட்டில் லீன் விழுந்தது 58ஆம் நாள். அந்தப் படிவம் ஒன்று இருப்பதே எங்களுக்கு அப்போது தெரியாது.

12. தகராறு வந்தால்

லீன் பதிவானால் பதறிப் பணம் கட்டிவிடாதீர்கள். பதிவு செய்தவர் 90 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடராவிட்டால் அந்த லீனை அமல்படுத்த முடியாது. முன்னறிவிப்பு நேரத்துக்கு வந்ததா, தொகை சரியா, தேதிகள் சரியா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எங்கள் விஷயத்தில் எல்லாம் சரியாக இருந்தது, அதனால்தான் கட்டினோம்.

ஒப்பந்ததாரர் மீது வாரியத்தில் புகார் கொடுக்கக் கட்டணமில்லை. தவறு நடந்த நான்கு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம், மாற்றக் குறிப்புகள், காசோலைகளின் இருபக்க நகல், படங்கள், குறுஞ்செய்திகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். அவருடைய பிணை நிறுவனத்துக்கும் தனியாக எழுதுங்கள். அதன் பெயரும் பத்திர எண்ணும் உரிமப் பக்கத்தில் உள்ளன. சிறுவழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. உரிமமே இல்லாதவரிடம் வேலை கொடுத்திருந்தால், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பிணை நிறுவனம் என்று ஒன்று இருக்காது, அவரிடமிருந்தே வசூலிக்க வேண்டும்.

நாங்கள் சிறுவழக்கு நீதிமன்றத்தில் வென்றோம். 9,860 டாலரில் இதுவரை 3,200 வந்திருக்கிறது.

எல்லாத் தாள்களையும் பத்து ஆண்டுகள் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கட்டுமானக் குறைகளுக்கு வழக்குத் தொடரும் காலம் அதுவரை நீள்கிறது. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் முகவர் முதலில் கேட்பதும் இறுதிக் கையெழுத்து விழுந்த அந்தப் பெர்மிட் அட்டையைத்தான்.